அம்பலம் ஏறிய அசடர் சொல்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. அசடன் சொல்லின் நிலையோ அதனினும் கீழானது; அம்பலம் இருக்கட்டும், அது அடுத்த வீட்டுத் திண்ணைகூட ஏறாது. ஆனால், நாடக மேடை என்னும் அம்பலத்தில் மட்டும் இந்த நியதி தலைகீழாகிவிடுகிறது. ஆன்றோரும் அறிஞரும் சொல்லத் தயங்குவதை அங்கே ஒரு வேலைக்காரி போகிற போக்கில் சொல்லிவிடுகிறாள். எழுத்தறியாதவன் கேட்கும் கேள்விக்குப் பட்டம் பெற்றவர் விடை தேடித் தடுமாறுகிறார். அவையினர் சிரிக்கிறார்கள், வீடு திரும்பும் வழியில் யோசிக்கிறார்கள். இந்த உத்தியை உலக நாடக மரபுகள் பலவும் அறிந்திருந்தன. எனினும், பேதைகளின் வாயில் மெய்யை வைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டு, அதற்குரிய விலையையும் கொடுத்த ஒருவரைச் சொல்லச் சொன்னால், பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரையே நான் சொல்வேன்.

பேதையின் பேச்சில் ஞானம் எங்கிருந்து வருகிறது? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. அறிவாளிக்குப் பேசுமுன் காத்துக்கொள்ள வேண்டியவை பல: பதவி, பெயர், நாளைய உறவு. பேதைக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே, கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறான். இந்த விளக்கம் சரியானதே. ஆனால், மொலியேரின் வாழ்க்கையைப் பின்தொடரும்போது இது பாதி விளக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி, கேட்பவரைப் பற்றியது.

மொலியேரின் இயற்பெயர் ழான் பத்தீஸ்த் போக்லென். 1622 ஜனவரி 15-ஆம் நாள் பாரீஸ் நகரத் தேவாலயம் ஒன்றில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தந்தை, வீடுகளுக்குத் திரைச்சீலைகளும் மெத்தை தைத்த இருக்கைகளும் செய்து தரும் வசதி படைத்த வணிகர். அரண்மனையில் அப்பணியைச் செய்யும் பதவியையும் அவர் பெற்றிருந்தார். பத்து வயதில் தாயை இழந்த போக்லென், மூத்த மகன் என்ற முறையில் அந்தப் பதவிக்கு வாரிசானார். அரண்மனைப் பதவியும் நிலையான வருவாயும் காத்திருந்தன. 1643-ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், அந்த வாரிசுரிமையைத் துறந்துவிட்டு, மதலேன் பெழார் என்ற நடிகையோடும் வேறு சிலரோடும் சேர்ந்து ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். மறு ஆண்டில் மொலியேர் என்ற மேடைப் பெயரைச் சூடிக்கொண்டார்.

அக்கால பிரான்ஸில் நடிகருக்குக் கைதட்டல் கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை. தம் தொழிலைக் கைவிடுவதாக உறுதி கூறாத நடிகருக்குத் திருச்சபை இறுதிச் சடங்குகளை மறுக்கும் வழக்கம் இருந்தது. இந்த வழக்கம் மொலியேரின் கதையின் முடிவில் மீண்டும் வரும்.

புதிய குழு பாரீஸில் நிலைகொள்ளவில்லை. கடன் பெருகி, 1645-இல் மொலியேர் சில நாள்கள் சிறையிலும் இருக்க நேர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் அவர் மாகாணங்களில் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தினார். கொந்தி இளவரசர் சில காலம் குழுவின் புரவலராக இருந்தார். பின்னர் அவரே தீவிர சமயப்பற்றாளராக மாறி, நாடகக் கலைக்கே எதிரியானார். உண்மையைப் பேசும் கலைக்குப் புரவலர் தேவை, அந்தப் புரவலரின் மனம் எப்போதும் மாறலாம் என்ற பாடத்தை மொலியேர் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டார்.

1658 அக்டோபர் 24-ஆம் நாள், லூவ்ர் அரண்மனையில் இளம் மன்னர் பதினான்காம் லூயியின் முன் நடிக்கும் வாய்ப்பு வந்தது. மொலியேர் குழு முதலில் கொர்னேய் எழுதிய அவல நாடகம் ஒன்றை நடித்தது. அவை பெரிதாக அசையவில்லை. பிறகு, மாகாணங்களில் தாங்கள் நடித்துவந்த சிறு கேலி நாடகம் ஒன்றை நடிக்க மொலியேர் அனுமதி கேட்டார். மன்னர் மனம் விட்டுச் சிரித்தார். குழுவுக்குப் பாரீஸில் ஓர் அரங்கு கிடைத்தது.

இந்த நிகழ்ச்சியை மொலியேர் வாழ்வின் திறவுகோலாக நான் கருதுகிறேன். அவருக்கு அவல நாயகனாக விளங்க வேண்டும் என்ற விருப்பம் இருந்தது. ஓவியர் மிஞ்ஞார், அவரை ரோமானியச் சீசரின் வேடத்தில் தீட்டிய ஓவியம் இன்றும் உள்ளது. ஆனால், சீசராக நின்றபோது உலகம் அவரைக் கவனிக்கவில்லை. கோமாளியாக நின்றபோது மன்னரே செவி சாய்த்தார். அன்று முதல் தம் நாடகங்களின் நகைப்புக்குரிய பாத்திரத்தையே அவர் தமக்கென எடுத்துக்கொண்டார். நாடகத்தை எழுதியவரும் அவர், குழுவின் தலைவரும் அவர். கம்பீரமான பாத்திரத்தைத் தமக்கு வைத்துக்கொள்ள யாரும் தடையில்லை. இருந்தும் ஏமாளிக் கணவன், கஞ்சன், பட்டம் தேடும் வணிகன், நோயை நினைத்தே நோயாளியானவன் என்று சிரிப்புக்கு ஆளாகும் இடத்தில் அவரே நின்றார்.

1662 டிசம்பரில் அரங்கேறிய 'மனைவியர் பள்ளி' இதற்கு நல்ல சான்று. அதில் மொலியேர் நடித்த ஆர்னோல்ஃப், அறிவுள்ள பெண் கணவனை ஏமாற்றுவாள் என்று அஞ்சுபவன். ஆகவே ஆன்யெஸ் என்ற சிறுமியை உலகம் தெரியாதவளாக வளர்த்து, பின்னர் தானே மணந்துகொள்ளத் திட்டமிடுகிறான். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே அவன் திட்டம் உடைகிறது. இளைஞன் ஒருவன் தன்னைத் தேடி வந்ததையும், அவன் பேச்சு தனக்கு இனித்ததையும் அவள் ஆர்னோல்ஃபிடமே மறைக்காமல் சொல்லுகிறாள். திருமணம் செய்துகொண்டால் பாவம் நீங்கும் என்று கற்பித்தவர் நீங்கள்தானே, அதன்படி அவரையே மணந்துகொள்கிறேன் என்ற பொருள்பட வாதிடுகிறாள். தன்னை அறியாமையில் வளர்த்ததற்காக அவனைக் குற்றமும் சாட்டுகிறாள். அறியாமை கீழ்ப்படிதலைத் தரும் என்று நம்பியவனுக்கு, அந்த அறியாமையே நேரிய கேள்விகளாகத் திரும்பி வருகிறது. பெண் கல்வி குறித்து எத்தனையோ உரைகளைப் படித்திருக்கிறேன். இந்தப் பேதைப் பெண்ணின் வாதம்போல் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னவை அவற்றுள் சிலவே.

அடுத்து வந்தது பெரும் புயல். 1664 மே மாதம், வெர்சாய் அரண்மனை விழாவில் 'தார்த்தூஃப்' முதன்முதலாக நடிக்கப்பட்டது. பக்தி வேடம் பூண்ட ஓர் ஏமாற்றுக்காரன், ஓர்கோன் என்ற செல்வரின் வீட்டில் புகுந்து குடும்பத்தையே வளைத்துக்கொள்ளும் கதை. ஓர்கோன் கல்வியும் செல்வாக்கும் உடைய குடும்பத் தலைவர்; வேலைக்காரி தொரீனோ வாயாடி என்று பெயரெடுத்தவள். வெளியூர் சென்று திரும்பிய ஓர்கோனிடம், மனைவிக்குக் காய்ச்சல் கண்ட செய்தியைத் தொரீன் சொல்கிறாள். அவரோ ஒவ்வொரு முறையும் தார்த்தூஃபின் நலத்தையே விசாரிக்கிறார். அந்த மனிதன் வயிறார உண்டு சுகமாக உறங்கியதைச் சொன்னால், அவன்மீதே இரக்கம் கொள்கிறார். ஏமாறுபவர் எப்படி ஏமாறுகிறார் என்பதைத் தொரீன் விளக்கவில்லை. இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைக்கிறாள், அவ்வளவுதான். மொலியேர் நடித்தது ஏமாறும் ஓர்கோன் வேடத்தில்.

நாடகத்துக்குத் தடை வந்தது. ஆசிரியரைத் தீயிலிட வேண்டும் என்று பாதிரியார் ஒருவர் துண்டு நூல் எழுதினார். 1667 ஆகஸ்டில் பெயரையும் சில பகுதிகளையும் மாற்றி மீண்டும் மேடையேற்றியபோது, மறுநாளே தடை விழுந்தது. மன்னர் போர்க்களத்தில் இருந்த நேரம் அது. அந்நாடகத்தை நடிப்போரும் பார்ப்போரும் சபை நீக்கம் செய்யப்படுவர் என்று பாரீஸின் பேராயர் எச்சரித்தார். 1669 பிப்ரவரி 5-ஆம் நாள்தான் பொது மக்கள் முன் நடிக்க இறுதி அனுமதி கிடைத்தது. ஒரு வேலைக்காரியின் வாயாடித்தனம் ஐந்தாண்டுக் காலம் அதிகாரத்தை அச்சுறுத்திற்று என்றால், அசடர் சொல் அற்பமானது என்று அதிகாரம் ஒருபோதும் எண்ணியதில்லை என்பது தெளிவு.

தடைக்காலத்தின் நடுவில், 1665 பிப்ரவரியில், 'டான் ஜுவான்' வந்தது. எதையும் நம்பாத பிரபு ஒருவன். எல்லாவற்றையும் நம்பும் அவன் பணியாள் ஸ்கானரேல். பணியாள் வேடம் மொலியேருடையது. கடவுள் உண்டு என்று நிறுவுவதற்காக, உலகின் ஒழுங்கையும் மனித உடலின் நுட்பத்தையும் காட்டி ஸ்கானரேல் தன் சிற்றறிவுக்கு எட்டியபடி வாதிடுகிறான். கையை அசைத்து, தலையைத் திருப்பி, சுற்றிக் காட்டும்போது தடுக்கி விழுகிறான். வாதமும் மூக்குடைபட்டது என்று பிரபு நகைக்கிறான். இறைவனுக்காக வாதாடும் பொறுப்பை ஒரு மூடனிடம் ஒப்படைத்து, இறைநம்பிக்கையையே மொலியேர் நகைப்புக்கு உள்ளாக்கிவிட்டார் என்று எதிரிகள் எழுதினார்கள். பதினைந்து காட்சிகளுக்குப் பின் நாடகம் நிறுத்தப்பட்டது; அவர் வாழ்நாளில் அது அச்சேறவும் இல்லை.

இந்தக் குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பேதையின் வாயில் வைத்த உண்மை பேதைமையாகவே கேட்கப்படும் ஆபத்து எப்போதும் உண்டு. ஸ்கானரேலின் தருக்கம் உண்மையிலேயே பலவீனமானது. ஆனால், அந்த நாடகத்தில் கைவிடப்பட்ட மனைவியின் சொற்களைக் கேட்டுக் கண் கலங்குபவன் அவன் ஒருவனே. பிரபுவின் தருக்கம் குறையற்றது, நெஞ்சம் வெறுமையானது. பணியாளின் தருக்கம் குறையுடையது, நெஞ்சம் விழிப்பானது. இறுதியில் பிரபுவை நரகத் தீ விழுங்குகிறது. வானுலகும் சட்டமும் அவனால் கெடுக்கப்பட்ட குடும்பங்களும் நிறைவடைந்துவிட்டதாகச் சொல்லும் ஸ்கானரேல், தன் சம்பள பாக்கியை இனி யார் தருவார் என்று கதறுகிறான். அந்தக் கதறல் பலரை ஆத்திரமூட்டியது. எனக்கோ, பெரிய நீதிகள் நிறைவேறும் நாளிலும் கூலிக்காரனின் கணக்கு தீர்க்கப்படாமலே கிடக்கிறது என்பதை இதைவிட நேராகச் சொன்ன காட்சி நினைவுக்கு வரவில்லை.

பேதையரின் செவியையும் மொலியேர் மதித்தார். தாம் எழுதியதை வீட்டு வேலைக்காரி ஒருத்திக்கு அவர் படித்துக் காட்டுவார் என்று அவருடைய நண்பரும் விமர்சகருமான பொவாலோ எழுதி வைத்திருக்கிறார். அவள் சிரிக்காத இடம் மேடையிலும் எடுபடாது என்பது மொலியேரின் அனுபவம். அரசவையின் பாராட்டைப் பெற்ற ஒருவர் தம் எழுத்தை இந்தத் தராசில் நிறுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1670-இல் வந்த 'கனவானாக விரும்பிய வணிகன்' நாடகத்தின் நாயகன் ழுர்தேன், மேட்டுக்குடியாக மாறுவதற்காக ஆசிரியர்களை அமர்த்திக்கொள்கிறான். நாற்பதாண்டுக்கும் மேலாகத் தான் பேசிவந்தது உரைநடை என்று தெரிந்ததும் வியந்துபோகிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால், அவனைச் சுற்றியுள்ள அறிஞர்களைப் பாருங்கள். கோபத்தை அடக்குவது பற்றி உபதேசிக்கும் தத்துவ ஆசிரியர், தம் துறையே பெரிது என்னும் சண்டையில் கைகலப்பில் இறங்குகிறார். அந்த வீட்டில், அறிவைக் கண்டு உள்ளபடியே மகிழ்பவன் முட்டாளான ழுர்தேன் மட்டுமே.

பேதையர் சொல் எல்லாம் பொன்மொழி என்று மொலியேர் கருதினார் என நான் சொல்ல வரவில்லை. 1672-இல் அரங்கேறிய 'படித்த பெண்கள்' நாடகத்தில், இலக்கணப் பிழையோடு பேசியதற்காகச் சமையற்காரி மார்த்தீன் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது; சமையலுக்கு இலக்கணம் தேவையில்லை. ஆனால், பெண் ஆணுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று அவள் பின்னர் பேசுவதை ஏற்க முடியாது. அவள் தன் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது பேச்சில் ஒளி இருக்கிறது. ஊரார் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது அந்த ஒளி மங்கிவிடுகிறது. அறிஞர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

இன்னொரு வரம்பையும் மறைக்கக் கூடாது. மருத்துவர், போலிப் பக்தர், பிரபுக்கள் என்று எல்லோரையும் நகையாடிய மொலியேர், மன்னரை நகையாடவில்லை. 'தார்த்தூஃப்' நாடகத்தில் ஓர்கோனின் குடும்பத்தை இறுதியில் காப்பாற்றுவது மன்னரின் அதிகாரியே. அவருடைய தலைமகனுக்கு ஞானத்தந்தையாக நின்றவர் மன்னர். 1665 முதல் அவர் குழு மன்னரின் குழு என்றே பெயர் பெற்றது. அசடனின் சுதந்திரம் ஓர் அரசரின் புன்னகையில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த உண்மையை எந்தக் குடையின் கீழ் நின்று பேசினார் என்பதை மட்டும் நாம் மறவாதிருந்தால் போதும்.

தனி வாழ்வில் துன்பங்கள் தொடர்ந்தன. ஞானத்தந்தையாக மன்னரைப் பெற்ற அந்தத் தலைமகன் ஓராண்டு நிறையுமுன் இறந்தான். தொடக்க காலத் தோழி மதலேன் பெழார் 1672 பிப்ரவரி 17-ஆம் நாள் காலமானார். மொலியேரின் நெஞ்சு நோயும் முற்றிவந்தது. அதையும் அவர் வீணாக்கவில்லை. 1668-இல் வந்த 'கஞ்சன்' நாடகத்தில், தம் இருமலையே பாத்திரத்தின் இருமலாக்கி, அதைப் பிறர் கேலியாகப் புகழும்படி எழுதினார்.

கடைசி நாடகம் 'கற்பனை நோயாளி', 1673 பிப்ரவரி 10-ஆம் நாள் அரங்கேறியது. உடல்நலம் இருந்தும் நோயாளி என்று நம்பும் ஆர்கானாக நடித்தவர், உண்மையிலேயே மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த மொலியேர். ஆர்கானின் தம்பி நீண்ட நேரம் அறிவார்ந்த வாதங்களை எடுத்துரைக்கிறார். அண்ணன் மனம் மாறவில்லை. வேலைக்காரி துவானெத், செத்ததுபோல் படுத்துப் பாருங்கள் என்று ஒரு விளையாட்டைச் சொல்லித் தருகிறாள். கணவன் இறந்ததாக எண்ணிய மனைவி மகிழ்கிறாள். வெறுத்து ஒதுக்கப்பட்ட மகள் அழுகிறாள். வாதத்தால் திறக்காத கண்ணை அந்த விளையாட்டு திறந்துவிடுகிறது. அதே நாடகத்தில், மருத்துவர்களைக் கிண்டல் செய்யும் மொலியேர் என்பவர் நோயுற்றால் உதவியின்றிச் சாகட்டும் என்ற பொருளில் ஆர்கான் சபிக்கிறான். தம் வாயால் தம்மையே சபித்துக்கொண்டு அவர் அவையைச் சிரிக்க வைத்தார்.

பிப்ரவரி 17, நான்காவது காட்சி. மதலேன் மறைந்து சரியாக ஓராண்டு. நடிக்க வேண்டாம் என்று நெருங்கியவர்கள் கெஞ்சினார்கள் என்றும், தாம் நடிக்காவிட்டால் ஐம்பது தொழிலாளர்களின் அன்றைய கூலி போய்விடும் என்று அவர் மறுத்தார் என்றும் 1705-இல் அவர் வரலாற்றை எழுதிய கிரிமாரெஸ்த் கூறுகிறார். ஸ்கானரேலின் கதறலை எழுதியவர் கூலியை மறக்கவில்லை. இறுதிக் காட்சியில் வலிப்பு வந்தது. அதைச் சிரிப்பாக மாற்றி மறைத்து, நாடகத்தை முடித்தார். வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டு அன்றிரவே இறந்தார். வயது 51. அழைக்கப்பட்ட பாதிரியார்கள் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நடிப்புத் தொழிலைக் கைவிடுவதாக அவர் உறுதி கூறாததால் நல்லடக்கமும் மறுக்கப்பட்டது. மனைவி அர்மாந்த் பேராயரிடமும் மன்னரிடமும் முறையிட்ட பிறகு, ஆடம்பரச் சடங்கின்றி இரவில் புதைக்க அனுமதி கிடைத்தது. பிப்ரவரி 21 இரவு அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் குழுவின் வழித்தோன்றலாக 1680-இல் உருவான பிரெஞ்சு தேசிய நாடக அரங்கு, இன்று மொலியேரின் இல்லம் என்றே அழைக்கப்படுகிறது. கடைசி நாளில் அவர் அமர்ந்து நடித்த நாற்காலி அங்கே பாதுகாக்கப்படுகிறது.

தொடக்கத்தில் மீதி வைத்த பாதிக்கு வருகிறேன். தொரீனும் துவானெத்தும் சொன்ன உண்மைகள் அரியவை அல்ல. அந்த வீடுகளில் கண்ணுள்ள எவருக்கும் தெரிந்தவைதாம். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. வேலைக்காரியிடமிருந்து உண்மையைப் பெற்றுக்கொண்டால், அதுவரை தான் அசடனாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலுக்கு மனம் இடம் தராததால்தான் ஓர்கோன்கள் உருவாகிறார்கள். மொலியேர் தம் பாத்திரங்களில் தொரீனாக நிற்காமல் ஓர்கோனாக நின்றதன் பொருள் இதுவென்றே நான் கொள்கிறேன். சிரிப்புக்கு ஆளாகும் இடத்தில் ஆசிரியரே நின்று காட்டும்போது, அவையில் இருப்பவருக்கும் தம்மைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் துணிவு பிறக்கிறது.

இன்று நாமும் பேச்சில் பிழை கண்டால் பேசுபவரையே தள்ளிவிடுகிறோம்; உச்சரிப்பையும் பட்டத்தையும் பார்த்துச் செவியைத் திறக்கிறோம். வீட்டில் பணி செய்பவரோ, அலுவலக வாயிலில் நிற்பவரோ, கடைசி இருக்கை மாணவரோ ஒரு விஷயத்தைச் சொல்லும்போது, அதைக் கண்டு சொல்கிறாரா என்று ஒரு கணம் நின்று கேட்டுப் பார்க்கலாம். சில வேளைகளில் அவர் தவறாகவும் இருக்கலாம். ஆனால், சரியாகச் சொல்லும் நாளில் அந்தச் சொல் அம்பலம் ஏற வேண்டுமானால், அதற்கு இடம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.